முதலில் கடிதம், பிறகு காது

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் கைபேசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எதிரே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்க போய்ட்டாங்க?”

அவள் கேட்டதில் தவறில்லை. ஓய்வுபெற்ற மில் பணியாளர் அலுவலர்களின் வாட்ஸப் குழு எங்களுடையது. காலை வணக்கமும் இரங்கல் செய்தியும் தவிர அதில் வேறு எதுவும் வருவதில்லை.

“யாரும் போகலை அம்மிணி. வந்துருக்குது! நாலு சட்டமும் அமலுக்கு வந்துருச்சு!”

“அதுக்கா இப்படி எந்திரிச்சு நிக்கறீங்க? பேத்தி பொறந்த சேதி வந்தப்பக்கூட உக்காந்துட்டுத்தான இருந்தீங்க.”

அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களோடு முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன் நான். எந்தச் சட்டம் எந்தப் பதிவேட்டைக் கேட்கும், எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், எந்த ஆய்வாளர் எந்தப் பத்தியில் மூக்கை நுழைப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். அத்தோடு அப்படியே கிடப்பில் போட்டார்கள். வருடங்கள் போயின. மதிய உணவோடு கருத்தரங்கு நடத்திய ஆலோசகர்கள்கூட அலுத்துப்போய் வேறு தலைப்புக்கு மாறிவிட்டார்கள். நான் மட்டும் நான்கையும் அச்செடுத்து, நாடா கட்டி, வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தே விட்டது. அன்றைக்கு வெங்காயக் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எனக்கு அதில் நேரடிச் சம்பந்தமும் இருந்தது. சூலூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு தறிப்பட்டறை இருக்கிறது. எங்களுக்கு என்பது வாய்ப்பழக்கம். பத்திரத்தில் இருப்பது மனைவியின் பெயர். அவளுடைய அப்பா கொடுத்தது. இருபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி அவள். நான் சம்பளமில்லாத பணியாளர் அலுவலர். மில் வேலைக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், அங்கே முதலாளி என்னை ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டதில்லை.

நாலு நாள் படித்தேன். அடிக்கோடிட்டே இரண்டு பேனா தீர்ந்தது. பலதும் எங்கள் அளவுக்குப் பொருந்தாது. சிலதற்கு மாநில விதிகள் இன்னும் வரவில்லை. “விதி வரட்டுமே, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று குழுவில் ஒருவர் எழுதினார். விதி வரும்வரை காத்திருக்கிற ஆள் ஏன் பணியாளர் அலுவலர் ஆனார் என்று எனக்கு விளங்கவில்லை. எங்களால் உடனே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம். இரண்டு, நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை.

எங்கள் பட்டறையில் அதுவரை யாருக்கும் கடிதம் என்று ஒன்று கிடையாது. “நாளையிலிருந்து வந்துருங்க” என்று என் மாமனார் சொல்லியிருப்பார், வந்திருப்பார்கள். அவ்வளவுதான் நியமனம்.

தேநீர் நேரத்தில் தறிகள் நின்றதும் எல்லோரையும் கூட்டி அறிவித்தேன். தறி ஓடும்போது அறிவிக்க முடியாது. உள்ளே ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடா அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் பட்டறைக்குள் எல்லாப் பேச்சும் கையாலும் கண்ணாலும் உதட்டாலும்தான். விரலைச் சுழற்றினால் ஊடை நூல் தீர்ந்தது. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அக்கா, அதாவது என் மனைவி, வருகிறார். உள்ளங்கையில் எழுதுவதுபோல் காட்டினால் நான் வருகிறேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஃபிட்டர் மட்டும் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். தறிகளைப் பழுது பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருடத்துக்கு மேல் இங்கேதான் இருக்கிறார். தறி மக்கர் செய்தால் அதன் சட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பதித்துச் சற்று நேரம் நிற்பார். பிறகு நேராகப் பழுதுள்ள இடத்துக்குப் போவார். ஏதோ சாமிக்கு வேண்டுதல் என்று நான் நினைத்திருந்தேன்.

“ஏனுங்க சார், டாக்டரு என்னென்ன பாப்பாங்க?”

“ரத்தம், கண்ணு, நெஞ்சு. தறிப்பட்டறைங்கறதால காதும்.”

“பார்த்து ஆவாதுன்னு சொல்லிப்போட்டா, ஊட்டுக்கு அனுப்பிச்சுருவீங்களா?”

“சட்டத்துல அப்படியெல்லாம் இல்லைங்க.”

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கண்ணனயும் சட்டப்படிதானுங்க அனுப்பிச்சீங்க.”

மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர் அவருடைய அண்ணன். கண் பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்தது. வீட்டுக்குப் போகச் சொன்ன கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. அப்படி நான் கையெழுத்திட்டவை பல. எந்த முகமும் நினைவில்லை, இந்த ஒரு தம்பிக்கு நினைவிருந்தது.

நான் சொன்ன பதிலும் பாதிதான் உண்மை. தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது, அதற்கான இழப்பீடும் கிடையாது என்பது பழைய சட்டத்தில் உண்டு. புதியதிலும் அந்த வரி பத்திரமாகக் குடியேறியிருக்கிறது. நானே அடிக்கோடிட்ட வரி. கூட்டத்தில் அதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். மாநாடு நடத்திய களிப்பில் இருந்தேன்.

அடுத்து நாள் குறிக்க வேண்டும். காதைப் பரிசோதிக்க அமைதி வேண்டும். எங்கள் தறியை நிறுத்தினால் போதாது, பக்கத்துப் பட்டறை, எதிர்ப் பட்டறை, தோட்டத்துக்கு அந்தப்பக்கப் பட்டறை எல்லாம் நிற்க வேண்டும். அது எப்போது நடக்கும்? பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளில்! இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே என் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. கோவையில் ஒரு மருத்துவமனையிடம் பேசி, பேட்டரியில் ஓடும் கருவிகளோடு வண்டியை வரவழைத்தேன். காதுப் பரிசோதனைக்கு நூல் கிடங்கு. சுற்றிலும் நூல் மூட்டை, சத்தம் உள்ளே வராது. மேசை போட்டு, அந்தப் பக்கம் கருவியோடு வரும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஆளுக்கு ஒரு நாற்காலி. நேர்முகத் தேர்வு எத்தனை நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

“கல்யாணத்துக்குக்கூட இத்தன ஓடியாடலை நீங்க” என்றாள் மனைவி.

பரிசோதனை எளிது. காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். கருவியில் பொத்தானை அழுத்தினால் சின்ன ஒலி கேட்கும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். நாற்பது தாண்டியவர்கள் பதினான்கு பேர். வேலையில் மூத்தவர் முதலில் என்று வரிசை போட்டிருந்தேன். ஃபிட்டர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலிக்கும் டக்கு டக்கென்று விரலைத் தூக்கிவிட்டு எழுந்து போனார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும்.

பன்னிரண்டு பேர் முடிந்ததும் அந்தப் பெண் வியந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். “சார், இத்தன வருசம் தறியில நின்னவங்களுக்கு இப்படி ஒரு காதா? எங்க ஆஸ்பத்திரி நர்சுகளவிட நல்லாக் கேக்குது!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு காதுகூடக் கெடவில்லை! குழுவில் போடுவதற்குச் செய்தியை மனசுக்குள் எழுதவே தொடங்கிவிட்டேன். அப்போது உட்கார்ந்திருந்தது தறி ஓட்டும் அம்மா ஒருவர். நூல் தூசியில் அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது. பொத்தானை விட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்துத் தும்மினாள். தறிக்கார அம்மா விரலைத் தூக்கினார்.

நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தாள். கருவியில் ஒலியே இல்லை.

“ஏனுங்கம்மா, இப்ப என்ன கேட்டுச்சு?” என்றேன்.

“அந்தப் புள்ள கை அசைஞ்சுதுங்களே சார்.”

“கை அசஞ்சா விரலத் தூக்கறதா?”

“பொறவு எப்பங்க தூக்கறது?”

ஏமாற்ற நினைத்தவர் முகம் இல்லை அது. உள்ளே நாள் முழுக்க வேலை நடப்பது எப்படியோ அப்படித்தான் இங்கேயும் நடந்திருக்கிறது. எதிரில் ஒரு கை, அதைப் பார்த்து இந்தக் கை. நாற்காலிகளை எதிரெதிரே போட்ட மகானுபாவன் நான். கோபம் வரவேண்டிய இடம். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சோதனையையே தோற்கடித்துவிட்டார்களே!

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். மறுபடி முதலிலிருந்து, மூத்தவர் முதலில் என்று ஃபிட்டரைக் கூப்பிட்டேன். அவர் கிடங்கு வாசலில் நின்று திரும்பிய நாற்காலியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். என் மனைவியிடம் போய், “அக்கா, வாரேனுங்க” என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிறவர் சொல்கிற வாரேன் அல்ல அது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் தறி நின்றது, பிறகு ஏழாம் தறி. மற்ற பதின்மூன்று பேரும் திரும்பிய நாற்காலியில் உட்கார மாட்டோம் என்று சொல்லவில்லை. “ஃபிட்டரண்ணன் வரட்டுமுங்க” என்றார்கள். எங்கள் பக்கத்தில் மறுப்புக்கும் ங்க போட்டுத்தான் சொல்வார்கள்.

“சட்டம் சட்டம்னு இருந்த ஆளத் தொரத்திப்போட்டீங்க” என்றாள் மனைவி. “எடுங்க வண்டிய. அவரு ஊட்டுக்குப் போலாம்.”

“அழைப்புக் கடிதம் ஒன்னு அனுப்பி, பதில் வரலைன்னா...”

“வண்டிய எடுங்கன்னேன்.”

அச்சடித்து வைத்திருந்த இருபத்து மூன்று நியமனக் கடிதங்களையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெளியே போகும்போது பை இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

ஃபிட்டர் வீட்டு முன்னால் வெயிலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் மனைவி மோர் கொண்டுவர உள்ளே போனார். நான் தெருப்பக்கம் திரும்பி வண்டியை நிறுத்தியபடியே, “ஏனுங்க, ரெண்டு நாளா வரலையே” என்றேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். திரும்பி நின்று அதையே சொன்னதும், “வரலீங்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக என் வாயையே பார்த்துக்கொண்டு அவர் பேசியதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“எப்பலருந்துங்க?” என்று என் காதைத் தொட்டுக் கேட்டேன்.

“அது ஆச்சுங்க ஏழெட்டு வருசம். தறி கையில பேசும், கேட்டுக்குவேன். மனுசங்க வாயில பேசறீங்க, பார்த்துக்குவேன். யாருக்கும் ஒரு கொறையும் வெக்கல. நீங்க செவுத்தப் பார்த்து உக்காரச் சொன்னீங்க, அங்கதான் எனக்கு ஒன்னுமில்லாமப் போச்சு.”

“அதுக்காக வேலைய விட்டுப்போட்டு வந்துருவீங்களா?” என்றாள் என் மனைவி.

“நானா போனா நானா போனதுங்க அக்கா. சார் காயிதம் குடுத்துப் போனா, காது செத்தவன்னு கழிச்சுட்டாங்கன்னு ஆயிரும். பொறவு எந்தத் தறிக்காரன் சேத்துவான்? எங்கண்ணன் வாச்மேன் வேலைக்கு அலைஞ்சத நான் பார்த்துருக்கறேன்.”

நான் பையைத் திறந்தேன். “இது போகச் சொல்ற காயிதம் இல்லைங்க. இருக்கச் சொல்ற காயிதம். பரிசோதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் குடுக்கலாம்னு வெச்சுருக்கறேன்.”

அவர் வாங்கிப் படித்தார். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, கடைசிவரை. நான் எழுதிய கடிதத்தை இவ்வளவு கவனமாகப் படித்தவர் அதுவரை தொழிற்சங்க வழக்கறிஞர் ஒருவர்தான். எட்டாவது பத்தியில் விரல் நின்றது.

“‘இந்த நியமனம் மருத்துவத் தகுதிக்கு உட்பட்டது.’ இது என்னங்க சார்?”

“அது வழக்கமாப் போடறதுங்க.”

“எங்கண்ணனுக்கும் வழக்கமாப் போட்டதுதானுங்களே?”

அப்போதுதான் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட வரியைச் சொன்னேன். உடல்நலக் குறைவைக் காட்டி நீக்க முதலாளிக்கு வழி உண்டு, பழசிலும் உண்டு, புதுசிலும் உண்டு, அன்றைக்கு நான் உங்களிடம் பாதிதான் சொன்னேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. தெரிந்த விஷயத்தை ஒப்புக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“அப்ப ஒன்னு பண்ணுங்க. காயிதம் மொதல்ல குடுங்க. இந்த எட்டாவத எடுத்துப்போடுங்க. காது கேக்கலைங்கறதுக்காக வேலைய எடுக்க மாட்டோம்னு எழுதுங்க. பொறவு காதக் காட்டறேன். செவுத்தப் பார்த்து வேணும்னாலும் உக்காரறேன்.”

முப்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அப்படிச் செய்ததில்லை. மருத்துவச் சான்று முதலில், நியமனம் பிறகு. உலகம் முழுக்க அப்படித்தான். தகுதி தெரியாமல் நியமனமா? முதலாளியின் கையைக் கட்டிப்போடும் பத்தியை முதலாளியின் அலுவலரே எழுதுவதா? அதே நேரம் மூளைக்குள் படபடவென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் புதிதாகச் சேருகிறவரே அல்லவே, இருபது வருடமாக வேலையில் இருப்பவர். கடிதம் இப்போதுதான் வருகிறதே தவிர நியமனம் எப்போதோ முடிந்துவிட்டது. பரிசோதனை ஆண்டுதோறும் நடப்பது, நியமனத்துக்கு அது நிபந்தனையே அல்ல. எட்டாவது பத்திக்கு இங்கே வேலையே இல்லை! பழைய மில் கடிதத்திலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறேன். எத்தனை வருடமாக எவ்வளவு நம்பிக்கையாக ஒரு தவறைச் செய்திருக்கிறேன்! சரியான முறை அந்த மனிதர் சொல்வதுதான்.

இதையெல்லாம் நான் உட்பிரிவோடு விளக்கத் தொடங்கினேன். “மொதலாளி நானுங்க,” என்றாள் மனைவி. “அவரு கேட்ட மாதிரி எழுதுங்க.”

கவிழ்த்த சைக்கிளுக்குப் பக்கத்தில், மடியில் பையை வைத்து எழுதினேன். எட்டாவது பத்தியை அடித்தேன். அதற்கு மேல் எழுதினேன்: ‘செவித்திறன் குறைவைக் காரணமாகக் கொண்டு இப்பணியிலிருந்து நீக்கப்பட மாட்டார்.’ தொழிலாளியின் பக்கம் நின்று நான் எழுதிய முதல் வரி அது. சேர்ந்த தேதி என்ன என்றேன். என் மனைவியும் அவரும் ஒரே நேரத்தில் ஒரு வருடத்தைச் சொன்னார்கள். தைப்பொங்கல் நோன்பு முடிந்த மறுநாள் என்றார் அவர். வாசலில் காப்புக் கட்டின பூளைப்பூ வாடாமல் இருந்ததாம். கைபேசிக் காலண்டரில் அந்தத் தேதியைத் தேடிப் போட்டேன். மனைவி ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டாள். அவர் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“நாளைக்கு வாரேனுங்க” என்றார். இது வருகிற வாரேன்.

மறுநாள் அவருக்கு முன்னால் பட்டறைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தும்மலுக்கு விரல் தூக்கிய தறிக்கார அம்மா வாசலிலேயே நின்றார். “ஏனுங்க சார், ஃபிட்டரண்ணனுக்கு அடிச்ச எட்டாவத எங்களுக்கும் அடிச்சுருவீங்கல்லொ?” மீதி இருபத்திரண்டையும் திருத்தி அச்சடித்து அன்றைக்கே கொடுத்தேன். தேநீர் நேரத்தில் ஆளாளுக்கு எட்டாவது பத்தியைத் தேடி, பழைய வரி இல்லை, காது வரி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கையெழுத்திட்டார்கள். மில்லில் நான் கொடுத்த எந்தத் தாளையும் யாரும் சிரித்துக்கொண்டே வாங்கியதில்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை.

காதுப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் மருத்துவமனைக்கே போனோம், மூத்தவர் முதலில், மற்றவர்கள் பிறகு. பேருந்தில் ஃபிட்டர், நான், என் மனைவி. அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். முதுகு எங்கள் பக்கம், முகம் சுவர்ப் பக்கம். வெளியில் கருவியின் முன்னால் அதே பெண். பொத்தானை அழுத்தினாள். விரல் எழவில்லை. கூட்டினாள். எழவில்லை. இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏதோ மேட்சின் கடைசிப் பந்தைப் பார்ப்பவன்போல். கடைசியில் விரல் மெதுவாக எழுந்தது.

வெளியே வந்ததும் கேட்டார். “சித்த நேரம் சும்மாவே உக்காத்தி வெச்சுட்டு, இப்பத்தானுங்க ஆரம்பிச்சாங்களா?”

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிறையச் சொன்னார். போனது வராது, கருவி வைத்தால் வீட்டில் பேச்சுக்கு உதவும், பட்டறையில் மற்ற எல்லோருக்கும் இன்றிலிருந்தே காதடைப்பு கொடுங்கள் என்றார். டாக்டர் மேசைப் பக்கம் குனிந்து பேசியதால் ஃபிட்டருக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நான் எதிரில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார், அதாவது பார்த்தார். வீட்டுக்காரியிடம் கருவி பற்றிப் பேசிச் சொல்கிறேன் என்றார்.

நான் அறிக்கையை வாங்கிக் கோப்பில் வைத்து, காதடைப்பு எத்தனை ஜோடி, யார் யார் எப்போது மாற்ற வேண்டும், அதற்கு ஒரு பதிவேடு என்று வாசற்படியிலேயே நின்று குறிக்கத் தொடங்கியிருந்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள். ஃபிட்டர் சாலையைத் தாண்டி எதிர்ச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார்.

“எங்க போறாரு அம்மிணி?” என்றேன்.

“நாடாவ அடிக்கற பிக்கர் அங்க ஒரு கடையில நல்லதாக் கெடைக்குமாமா. மூணாம் தறிக்கு மாத்தோணுமாம். வந்ததே வந்தோம், வாங்கிட்டே போயரலாங்கறாரு.”

கூப்பிட்டுப் பயனில்லை. கோப்பைப் பையில் திணித்துக்கொண்டு இருவரும் அவருக்குப் பின்னால் வேகமாக நடந்தோம்.